கணனிக்குள் இருக்கும் மற்றவன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் பல மாதங்களாக யோசித்துக் கொண்டிருந்தோம். எழுதுங்கோ என்று கடைசியில் சொன்னது எங்கள் மூத்த மகன்தான். "என்ரை பேரை மட்டும் போடாதேங்கோ, மற்றதெல்லாத்தையும் எழுதுங்கோ" என்றான். ஆகவே மகனின் பெயரும் இங்கே இல்லை, அவனைப் பார்த்த வைத்தியசாலையின் பெயரும் இல்லை. பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் ஒரு குடும்பம் என்று எங்களை எண்ணிக் கொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு வலிப்பு நோய். இந்த ஒரு வரியை வெளியில் சொல்ல எங்களுக்கு எட்டு வருடங்கள் எடுத்தன.

நாங்கள் பிரான்சுக்கு வந்தது 2012இல். அப்போது அவனுக்கு ஏழு வயது. 2015இல் ஒரு நாள், சாப்பிட்டுக் கொண்டிருந்தவன் கோப்பையைப் பார்த்தபடி அப்படியே இருந்து விட்டான். கூப்பிட்டால் பதில் இல்லை. வாய் மட்டும் எதையோ சப்புவது போல அசைந்தது. விரல்கள் சட்டைப் பொத்தானைக் கிள்ளிக் கொண்டிருந்தன. ஒரு நிமிடம் கழித்து, ஒன்றும் நடவாதது போலத் தண்ணீர் கேட்டான். வலிப்பு என்றால் விழுந்து, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளும் என்றுதான் ஊரில் கண்டிருக்கிறோம். இது வலிப்பு என்று நாங்கள் நினைக்கவேயில்லை. பாடசாலையில் கனவு காண்கிறான் என்றார்கள். தமிழ்ச்சோலையில் கவனம் இல்லை என்றார்கள். வீட்டில் நாங்களும் இரண்டு தரம் அடித்திருக்கிறோம். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

பிறகுதான் பரிசோதனைகள், மருந்துகள். முதல் மருந்து ஆறு மாதம் கேட்டது. இரண்டாவது மருந்து தூங்க வைத்தது. மூன்றாவதும் நான்காவதும் வந்தன. வலிப்பு நோயாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் வலிப்பு முழுதாக அடங்குவதில்லை என்று பின்னர் அறிந்தோம். எங்கள் பிள்ளை அந்த ஒரு பங்கில் அகப்பட்டுக் கொண்டான். மாதத்தில் ஏழு, எட்டுத் தடவை வரும். ரெயில் மேடையில் வந்தால்? வீதியைக் கடக்கும்போது வந்தால்? அவன் வீடு திரும்பும் வரை ரெலிபோனைக் கையில் வைத்துக் கொண்டு நின்ற பின்னேரங்களுக்குக் கணக்கில்லை.

இவ்வளவும் நடந்தும் உறவினருக்குச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் வந்தால் "நித்திரை காணாது" என்போம். இரும்புத் திறப்பைக் கையில் கொடுக்கச் சொல்வார்களே என்ற பயம் ஒன்று. நாளைக்குத் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசும்போது "அந்தக் குடும்பத்திலை வலிப்பு இருக்குது" என்று சொல்வார்களே என்ற பயம் இன்னொன்று. இதைப் படிக்கும் சில வீடுகளிலும் இதே கதவு இப்படித்தான் சாத்தியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2022இல் மூளை நரம்பு வைத்தியர் முதன்முதலாகச் சத்திரசிகிச்சை என்ற சொல்லைச் சொன்னார். வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறது என்றால், அந்த இடத்தை எடுத்து விடலாம். இது புதிய வைத்தியம் அல்ல. 2001இல் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. கன்னப்பொறிப் பக்கத்து மூளையில் தொடங்கும் வலிப்பு உள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தின் பின், நினைவைத் தப்பச் செய்யும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 58 பேர், மருந்து மட்டும் எடுத்த பிரிவில் நூற்றுக்கு 8 பேர். இந்த இரு எண்களையும் ஒரு கடிதஉறையின் பின்பக்கம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தோம். 58 ஐப் பார்த்தால் நம்பிக்கை வரும். மிச்சம் 42 பேரை நினைத்தால் வயிறு கலங்கும்.

எங்கள் மகனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இங்கே ஐ.ஆர்.எம் என்று சொல்லும் காந்தப் படத்தில் இடது பக்கத்தில் மிக மெல்லிய மாற்றம்தான் தெரிந்தது. தலையில் வயர் ஒட்டி எடுக்கும் மின்பதிவோ இன்னும் கொஞ்சம் பின்னாலும் கை காட்டியது. எங்கே வெட்டுவது? அப்போதுதான் அந்த வைத்தியர் பிரெஞ்சில் "ஜூமோ நுமெரிக்" என்றார். டிஜிற்றல் இரட்டை. கணனிக்குள் உங்கள் மகனின் மூளைக்கு ஒரு இரட்டையைச் செய்து, கத்தியை முதலில் அதில் வைத்துப் பார்க்கலாம், அதற்கு ஒரு ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அன்றிரவு நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி இருந்து அதைப் பற்றித் தேடிப் படித்தோம். இரட்டை செய்து பார்க்கும் எண்ணம் வைத்தியத்தில் பிறந்ததல்ல. 1970இல் அப்பலோ 13 விண்கலம் சந்திரனுக்குப் போகும் வழியில் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது, பூமியிலே அதே கலத்தைப் போல அமைத்திருந்த பயிற்சிக் கூடுகளில் ஆட்களை இருத்தி, எந்த ஒழுங்கில் எந்த ஆளியைப் போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று செய்து பார்த்து, பிறகே மேலே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். ஒரு பொருளுக்குக் கணனியில் இரட்டை வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை 2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் கிறீவ்ஸ் என்பவர் தொழிற்சாலைகளுக்காக எடுத்துச் சொன்னார். டிஜிற்றல் இரட்டை என்ற பெயர் அதற்குப் பின்னர்தான் நாசாவைச் சேர்ந்தவர்களால் வந்தது. விமான இயந்திரத்துக்குச் செய்ததை இன்று இதயத்துக்கும் மூளைக்கும் செய்கிறார்கள்.

மூளைக்கு அதைச் செய்வதில் முன்னணியில் நிற்பது நாங்கள் வாழும் இதே நாடுதான். மார்செய் நகரப் பல்கலைக்கழகத்தில் விக்டர் ஜிர்சா என்பவரின் குழு. வலிப்பு எப்படித் தொடங்கி, எப்படி ஓடி, எப்படி நிற்கிறது என்பதைச் சில சமன்பாடுகளாக 2014இல் எழுதினார்கள். நோயாளியின் காந்தப் படத்தைக் கொண்டு மூளையை 162 துண்டுகளாக வகுக்கிறார்கள். இன்னொரு வகைக் காந்தப் படம் மூளைக்குள் நீர் எந்தப் பக்கமாக அசைகிறது என்று காட்டும். அதிலிருந்து எந்தத் துண்டுக்கும் எந்தத் துண்டுக்கும் இடையே நரம்புப் பாதை இருக்கிறது, எவ்வளவு தடிப்பு என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பாதைகளால் இணைத்தால், கணனிக்குள் ஒரு மூளை ஓடத் தொடங்கும். ஊர் வரைபடத்தில் வீடுகளையும் ஒழுங்கைகளையும் கீறி, எந்த வீட்டில் நெருப்புப் பிடித்தால் எந்த ஒழுங்கையால் பரவும் என்று பார்ப்பது போல என்று மகன் எங்களுக்கு விளங்கப்படுத்தினான். பிறகு அந்த நோயாளிக்கு உண்மையாக வந்த வலிப்பின் பதிவைக் கொடுத்து, எந்த வீட்டில் நெருப்புத் தொடங்கியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் பார்க்கிறது.

படித்தவுடன் எங்களுக்கு வந்த முதல் பயம் வைத்தியத்தைப் பற்றியது அல்ல. எங்கள் விபரங்கள் எங்கே போகும் என்பதுதான். விசாவுக்கும் அகதி வழக்குக்கும் கைரேகையும் கதையும் கொடுத்துக் கொடுத்துப் பழகிய ஆட்களுக்கு, பிள்ளையின் மூளையையே ஒரு கணனிக்குக் கொடு என்றால் எப்படி இருக்கும்? கேட்டோம். வைத்தியர் சிரிக்கவில்லை. வைத்தியசாலை அறிந்தது வைத்திய இரகசியம், அது அகதி அலுவலகத்துக்கோ பிரெபெக்தூருக்கோ போகாது. ஆராய்ச்சிக்குப் போகும் படத்தில் பெயர் இருக்காது. 2018 மே மாதம் முதல் ஐரோப்பா முழுவதும் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வைத்தியம் நிற்காது என்றார். அதைத் தாளிலும் தந்தார். இங்கே இன்னுமொன்று: பாரதூரமான வலிப்பு நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அந்த நோய்க்கான செலவை நூறு வீதம் காப்புறுதியே ஏற்கும். குடும்ப வைத்தியரிடம் "ஆ.எல்.தே" என்று கேட்டால் விண்ணப்பத்தை அவரே அனுப்புவார். இதை அறியாமல் முதல் இரண்டு வருடங்கள் நாங்கள் கைக்காசு கட்டியிருக்கிறோம்.

இனித்தான் எங்களுக்கு வெட்கமான பகுதி.

சத்திரசிகிச்சைக்கு முன் பழைய கதை முழுவதையும் திரும்பக் கேட்டார்கள். அதுவரை எங்களுக்கு மொழிபெயர்த்தவன் யார்? மகன்தான். பத்து வயதிலிருந்து தன் நோயைத் தானே மொழிபெயர்த்தவன். எங்களை முதலில் பார்த்த இடத்தில் யாரும் வேறு ஆளைத் தருகிறோம் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இம்முறை அந்த வைத்தியர் மகனை வெளியே இருக்கச் சொல்லி விட்டு, ரெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். கேள்வி ஒன்று, "சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா?"

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. எல்லாப் படிவங்களிலும் இருந்தது. எல்லாவற்றிலும் "இல்லை" என்று புள்ளடி போட்டிருக்கிறோம். ஏனென்றால் மகன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு அது தெரியக் கூடாது என்றிருந்தோம்.

2009. செட்டிகுளம் முகாம். அவனுக்கு நாலு வயது முடியவில்லை. தறப்பாள் கூடாரத்துக்குள் நெருப்பாய்க் காய்ந்தது. இரவு வலிப்பு வந்தது. வந்து நிற்கவில்லை. மருந்துக் கொட்டிலுக்குத் தூக்கிக் கொண்டு போய் ஆளைக் கண்டு பிடித்து ஊசி போடும் மட்டும், அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். எங்களில் ஒருவர் அவனைத் தூக்கிக் கொண்டு ஓட, மற்றவர் கைக்குழந்தையோடு கூடாரத்தில் இருந்தோம். அன்று காலையில் காய்ச்சலை லேசாக எடுத்து விட்டோம் என்ற குற்ற உணர்வு எங்கள் இருவருக்கும் இருக்கிறது. ஒருவருக்கொருவர் அதைச் சொன்னதும் இல்லை. அந்த ரெலிபோனில், முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் குரலுக்குத்தான் முதலில் சொன்னோம். அந்தப் பிள்ளையும் கொஞ்ச நேரம் மொழிபெயர்க்காமல் மௌனமாக இருந்தது.

வைத்தியர் கோபிக்கவில்லை. பேனையை எடுத்து எழுதினார். குழந்தையில் நீண்ட நேரம் நிற்காமல் வந்த காய்ச்சல் வலிப்பு, பல வருடம் பேசாமல் இருந்து, கன்னப்பொறிக்கு உட்பக்கமாக இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற இடத்தில் தழும்பாகி, பிறகு வலிப்பாக வருவதுண்டு என்றார். கடற்குதிரையின் வடிவம் என்பதால் அதற்கு அந்தப் பெயராம். காய்ச்சலைக் கவனிக்காதது உங்கள் பிழை அல்ல என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குத் தேவை இருக்கவில்லை. சொன்னார்.

இரண்டாவதும் வந்தது. வலிப்பு வருவதற்கு முன் என்ன செய்யும் என்று கேட்டார். எட்டு வருடமாக மகன் பிரெஞ்சில் "வயிற்று நோ" என்று சொல்லி வந்திருக்கிறான். அதற்காக வயிற்று வைத்தியரிடமும் அனுப்பினார்கள், குழாயும் விட்டுப் பார்த்தார்கள். வீட்டில் எங்களுக்கு அவன் சொல்வது வேறு. "அம்மா, வயித்துக்குள்ளை இருந்து ஏதோ ஏறுது, பயமாக் கிடக்குது" என்பான். நோ என்று ஒருநாளும் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபடியே சொன்னதும் வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். வயிற்றிலிருந்து மேலே ஏறும் அந்த உணர்ச்சி, அதனோடு வரும் பயம், இரண்டும் அந்தக் கடற்குதிரைப் பகுதியின் கையெழுத்து என்றார்.

கணனி இரட்டையில் படங்களும் பதிவுகளும் மட்டும் போவதில்லை. நெருப்பு எங்கே தொடங்கியிருக்கலாம் என்று வைத்தியர்கள் எண்ணும் ஊகத்தையும் கணக்கின் தொடக்கத்தில் கொடுக்கலாம். அந்த ஊகம் பெற்றோர் வாயில் சொல்வதிலிருந்தும் பிறக்கிறது. நாங்கள் மறைத்ததைக் கணனி தானாகக் கண்டு பிடித்திருக்காது.

2023 வசந்த காலத்தில் மூளைக்குள் மின்முனைகள் வைத்தார்கள். இந்த முறையும் பாரிசில் பிறந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து செந்த்-ஆன் வைத்தியசாலையில் ழான் தலைராக், ழான் பாங்கோ என்ற இரு வைத்தியர்கள் உருவாக்கியது. மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள கம்பிகளை உள்ளே விடுவார்கள். மகனுக்குப் பன்னிரண்டு. மூளைக்குத் தன் நோ தெரியாதாம், தோலுக்குத்தான் நோகும். பிறகு மருந்தைக் குறைத்து விட்டு வலிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். எட்டு வருடமாக வரக் கூடாது என்று நேர்ந்த நாங்கள், வர வேண்டும் என்று காத்திருந்தோம். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. கொண்டு போன புட்டையும் முட்டைப் பொரியலையும் தின்று விட்டு ரிவி பார்த்துக் கொண்டிருந்தான். மூன்றாம் இரவு இரண்டு வந்தன. தாதி ஓடி வந்து பெயர் கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார், எல்லாம் பதிவாகியது.

அடுத்த நாட்களில் அந்தக் கம்பிகளின் வழியாகவே மிகச் சிறிய மின்சாரத்தைக் கொடுத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். மின்சாரம் கொடுக்கும்போது சொல் தடைப்பட்டால் அந்த இடத்துக்குப் பேச்சில் பங்கு இருக்கிறது. இடது பக்கம் அல்லவா, மொழி இருக்கும் பக்கம். படங்கள் எல்லாம் பிரெஞ்சில் நடந்தன.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. அவனுக்குத் தமிழ் எங்கே இருக்கிறது? கேட்பது பைத்தியக்காரத்தனமோ என்று பயந்துதான் கேட்டோம். அம்மம்மாவோடு அவன் தமிழில்தான் கதைப்பான், அது போய் விடுமா என்று. அது நல்ல கேள்வி என்றார் பேச்சுப் பரிசோதனை செய்த அம்மா. 1978இலேயே அமெரிக்காவில் ஓஜ்மன், விற்றேக்கர் என்ற இருவர் இரு மொழி பேசுபவரின் மூளையில் இதைச் சோதித்து, சில இடங்கள் இரண்டு மொழிக்கும் பொது, சில இடங்கள் ஒன்றுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். மறுநாள் அதே படங்களைத் தமிழிலும் செய்வோம், உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல் சரியா என்று சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றிரவு சொற்களை எழுதினோம். திறப்பு, குடை, ஆமை, கதிரை, தும்புத்தடி. மறுநாள் கட்டிலருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒரு மின்முனையில், குடைப் படம் வந்தபோது மகன் வாயைத் திறந்தபடி நின்றான். சொல் வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தியதும் "குடை, குடை" என்றான். அதே இடத்தில் பிரெஞ்சில் கேட்டபோது சொல் தடையில்லாமல் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தார்கள், இரண்டு முறை அப்படியே. ஒரு புள்ளியை வைத்துப் பெரிதாக ஒன்றும் முடிவு கட்டக் கூடாது என்று எங்களை எச்சரித்தார்கள். ஆனால் அதைக் குறித்துக் கொண்டார்கள்.

சில கிழமைகள் கழித்துக் கணனித் திரையில் அவனைக் காட்டினார்கள். சாம்பல் நிற மூளை, மெல்லிய நூல்களாகப் பாதைகள். வைத்தியர் ஒரு விசையை அழுத்த, இடது பக்கம் ஆழத்தில் சிவப்பு ஒன்று தோன்றி, முன்னுக்கு வந்து, பின்னுக்குப் பரவியது. எத்தனையோ இரவு வெளியிலிருந்து பார்த்துக் கொண்டிருந்ததை அன்றுதான் உள்ளேயிருந்து பார்த்தோம். மகன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கொண்டு, "திருப்பிப் போடுங்கோ" என்றான். நாலைந்து தரம் பார்த்தான். அன்றிலிருந்து அதற்கு அவன் வைத்த பெயர் "மற்றவன்".

பிறகு மற்றவனுக்குச் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். கடற்குதிரைப் பகுதியையும் அதை ஒட்டியதையும் மட்டும் எடுத்தால், சிவப்பு குறைந்தது, ஆனால் பின்பக்கத்து ஓரத்தில் சில ஓட்டங்களில் திரும்பவும் பிடித்தது. இன்னும் பின்னுக்குப் போய்ப் பெரிதாக எடுத்தால் எல்லா ஓட்டங்களிலும் அணைந்தது. அந்தப் பெரிய துண்டின் விளிம்பில் நீலப் புள்ளி ஒன்று இருந்தது. குடை.

"மற்றவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று எங்களில் ஒருவர் கேட்டதை மகன் மொழிபெயர்க்க மறுத்தான். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வைத்தியர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது. வலிப்பு மட்டும்தான் தெரியும்" என்றார். நினைவு, சொல், பாட்டு ஒன்றும் அந்தச் சமன்பாட்டில் இல்லை. கம்பி போகாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் அது கணக்குப் பார்த்துச் சொல்கிறதே தவிரக் கண்டு சொல்வதில்லை. மார்செய்க் குழுவினர் 53 நோயாளரின் பழைய பதிவுகளில் இதைப் பரீட்சித்து 2023இல் வெளியிட்டார்கள். அவை பின்னால் நின்று பார்த்தவை. முன்னால் நின்று பார்ப்பதற்காகவே 356 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு 2019இல் பிரான்சின் பல வைத்தியசாலைகளில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். கணனி சொல்கிறது என்பதற்காக ஒருவரும் வெட்டுவதில்லை, பல துறை வைத்தியர்கள் ஒரே மேசையில் கூடித் தீர்மானிப்பார்கள், அந்த மேசையில் இதுவும் ஒரு தாள் என்று எங்கள் வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எங்களுக்கு அவரில் நம்பிக்கை வந்தது. நூறு வீதம் என்று சொல்லியிருந்தால் பிள்ளையைக் கூட்டிக் கொண்டு வந்திருப்போம்.

கூடிய மேசை நடுவழி ஒன்றைச் சொன்னது. சிறியதை விடக் கூட எடுப்பது, நீலப் புள்ளிக்கு முன்னால் நிற்பது. வலிப்பு முழுதாக நிற்கும் வாய்ப்பு பெரிய வெட்டை விடக் குறையலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. மகனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கையெழுத்து அவனுடையது, எங்களுடையது அல்ல. ஊர் வழக்கத்தில் இது எங்களுக்குச் சரிவரவில்லை, உண்மையைச் சொன்னால். பிள்ளையின் தலையைத் திறக்க எங்களைக் கேட்காமல் அவனைக் கேட்கிறார்களே என்றிருந்தது. எங்களில் ஒருவருக்குப் பெரிய வெட்டே நல்லதென்று பட்டது. சொல் போனால் திரும்பப் படிக்கலாம், உயிர் போனால்? மற்றவருக்குச் சிறியதே போதும் என்று. இரண்டு கிழமை வீட்டில் கதை பேச்சில்லை. மகன் நடுவழியில் கையெழுத்து வைத்தான். ஏனென்று கேட்டதற்கு, "குடையை விட்டிட்டு வரேலாது" என்றான், பகிடியாக. அது பகிடி மட்டும்தானா என்பதை நாங்கள் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை 2023 நவம்பரில் நடந்தது. ஐந்து மணித்தியாலம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வெளியில் இருந்தவர்களுக்கு அது ஒரு கோப்பி இயந்திரமும் ஒரு மணிக்கூடும்தான். கண் விழித்தபோது அவன் பேசிய முதல் சொல் பிரெஞ்சு, தாதியோடு. இரண்டாவது தமிழ், தண்ணீர் கேட்டான். முதல் மூன்று மாதம் இரண்டு மொழியிலும் சொற்கள் பிந்தி வந்தன. பெயர்கள் இன்னமும் சிலவேளை பிந்துகின்றன. வயிற்றுக்குள் ஏறும் அந்த உணர்ச்சி முதல் வருடத்தில் இரண்டு தடவை வந்து, மேலே போகாமல் நின்றது. நினைவு தப்பும் வலிப்பு அதன் பிறகு வரவில்லை. ஒரு மருந்தை நிறுத்தினார்கள், மற்றது தொடர்கிறது. தனியாக ரெயிலில் போய் வருகிறான். நாங்கள் இன்னமும் ரெலிபோனைக் கையில் வைத்துக் கொண்டுதான் நிற்கிறோம், அது போக நாளெடுக்கும்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று மட்டும் கேட்போம். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் பதியும்போதே கேளுங்கள், ரெலிபோனிலாவது எடுத்துத் தரச் சொல்லி நில்லுங்கள். பிள்ளைக்குத் தெரியக் கூடாதது இருந்தால் தனியே கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்களுக்கு எட்டு வருடம் போனது.

முகாமில் நடந்ததை மகனுக்குச் சத்திரசிகிச்சைக்கு முதல் கிழமை சொன்னோம். கேட்டு விட்டு, "இதைத்தானா இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்?" என்றான். கிளிநொச்சியில் இருக்கும் அம்மம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதத்தின் பின், அவனே வீடியோவில் எடுத்துச் சொன்னான். தலைமயிரை விலக்கித் தழும்பையும் காட்டினான். மனுசி கொஞ்ச நேரம் அழுதா. பிறகு கணனியில் செய்த மற்றவனைப் பற்றி இரண்டு மூன்று தரம் திருப்பிக் கேட்டு விளங்கிக் கொண்டா.

"அவன் இப்ப எங்கையடா?"

"ஆஸ்பத்திரிக் கணனிக்குள்ளை கிடக்கிறான், அம்மம்மா."

"அவனுக்கும் சுகமோ?"

"இல்லை. அவனுக்கு இன்னும் வலிப்பு வருகுது. பட்டனை அமத்தினால் வரும்."

"ஐயோ, பாவம்" என்றா அம்மம்மா. "அமத்த வேண்டாமெண்டு சொல்லு."

மகன் அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, அதையும் வைத்தியருக்கு மொழிபெயர்த்துச் சொல்லி விட்டு வந்திருக்கிறான்.